எத்தனை வகை வண்டி ஓடுகிறது என்று எண்ணாதீர்கள்

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் நாலைந்து பேர் எங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். முதல் வாரமே ஒரு வேலை கொடுப்பேன். ஐந்தாறு ஊர்களை எடுத்துக்கொண்டு, அங்கெல்லாம் பொதுப் போக்குவரத்து எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டு எழுதி வர வேண்டும். இந்த வருடம் வந்த தாள்களைப் புரட்டியபோது மனசு கஷ்டமாகிவிட்டது. பத்து வருடத்துக்கு முன்பு நான் எழுதிய அறிக்கையில் இருந்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

மக்கள்தொகையால் வகுக்க மறப்பது, பழைய கட்டணத்தைப் போடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஒரு முறை சுட்டிக்காட்டினால் அவை திருந்திவிடும். பார்ப்பதற்குச் சரியாகவே தெரிகிற தவறுகள்தான் ஆபத்து.

ஊர் எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வது

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011ல் 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆனது. 'ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பஸ்' என்று கணக்குப் போட்டால், அந்த வருடம் சென்னையின் பஸ் வசதி பாதிக்கும் கீழே விழுந்த மாதிரி தெரியும். ஒரு பஸ்கூடக் குறையவில்லை. கோடு மட்டும்தான் நகர்ந்தது. அதே போல, 1931ல் இருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயில் ஓடும் தாம்பரம் இப்போது தனி மாநகராட்சி. அதற்காகத் தாம்பரத்தில் ஏறிப் பூங்கா ரயில் நிலையத்தில் இறங்குகிறவரைச் சென்னைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியுமா? மும்பைக்குத் தானேயும் கல்யாணும், டெல்லிக்கு நொய்டாவும் குருகிராமும் இப்படித்தான். வேலைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்து வருகிறார்களோ அதுவரைக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகைகளை எண்ணுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

ஒரு அட்டவணை போடுவார்கள். இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள். மேலே பஸ், மினி பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், பறக்கும் ரயில் (சென்னையில் தூண்கள் மேல் ஓடும் மின்சார ரயில்), ட்ராம், படகு, ஷேர் ஆட்டோ. எது இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். கடைசியில் கூட்டுத்தொகை. பளிச்சென்று இருக்கும், வாசிக்கிறவருக்கும் உடனே புரியும்.

நான் போட்ட அட்டவணையில் கொல்கத்தா முதலிடம். 1984ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஓடிய மெட்ரோ, 1873ல் குதிரை இழுத்துத் தொடங்கிய ட்ராம், புறநகர் ரயில், பஸ், மினி பஸ், ஹூக்ளியைக் கடக்கும் படகு, ஷேர் ஆட்டோ என்று ஏழு டிக். சென்னைக்கு ஆறு. சிங்கப்பூருக்கு மூன்றுதான்: பஸ், எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ, எல்.ஆர்.டி. என்கிற சின்ன ரயில். பிரேசிலில் இருக்கும் குரிடிபா கடைசி இடம். அங்கே பஸ்ஸைத் தவிர வேறெதுவும் இல்லை.

அதாவது, என் அட்டவணைப்படி சென்னையின் போக்குவரத்து சிங்கப்பூரைவிட இரண்டு மடங்கு வளம். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

சிங்கப்பூரில் 2010 ஜூலையில் இருந்து, பஸ்ஸில் ஏறி, ரயிலுக்கு மாறி, மறுபடி பஸ் பிடித்தாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். வண்டி மாறியதற்காகத் தனியாகக் காசு போகாது. குரிடிபாவில் 1974லேயே பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட்டுவிட்டார்கள். 1991ல் கண்ணாடிக் குழாய் மாதிரி நிறுத்தங்கள் வந்தன. உள்ளே நுழையும்போதே காசு கட்டியாகிவிடும். நிறுத்தத்தின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம், அப்படியே நடந்து உள்ளே போகலாம். முனையத்தில் வேறு பஸ்ஸுக்கு மாறினால் இன்னொரு டிக்கெட் கிடையாது. ஒரே ஒரு வகை வண்டியை வைத்துக்கொண்டு ஊரின் எந்த மூலைக்கும் போக வழி செய்திருக்கிறார்கள். என் அட்டவணையில் அதற்கு ஒரு டிக்.

தாளோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஒப்பீட்டைக் கேட்டது வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஊரின் நிர்வாகம். அவர்கள் கையில் ஒரு சின்ன யோசனை ஏற்கெனவே இருந்தது: ரயில் நிலைய வாசலிலேயே பஸ் வந்து திரும்ப இடம் ஒதுக்குவது. என் அட்டவணையைப் பார்த்ததும், 'நம்ம ஊருக்கு ரெண்டு வகைதான் இருக்கு, மூணாவதா ஒண்ணு வந்தாத்தான் மதிப்பு' என்று பேச்சு திரும்பியது. பஸ் திரும்பும் இடம் கைவிடப்பட்டது. மூன்றாவது வகையும் வரவில்லை. இன்றைக்கும் அந்த ஊரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பஸ் பிடிக்க முக்கால் கிலோமீட்டர் நடக்கிறார்கள். போன வருடம் நானும் நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா இடுப்பில் குழந்தையும் கையில் கட்டைப்பையுமாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த நடையில் என் பங்கு இருக்கிறது.

அதனால்தான் மாணவர்களைச் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். வரைபடத்தில் ஒரே புள்ளி. நேரில் போய் நின்றால் மெட்ரோவுக்கு ஒரு நிலையம், திருவள்ளூர் பக்கத்துப் புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் வளாகம், சாலைக்கு அந்தப் பக்கம் தாம்பரம் வண்டிக்குப் பூங்கா, பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர். பெயரிலேயே பாதிப்பேர் குழம்பிவிடுவார்கள். மூர் மார்க்கெட்டில் இறங்கி, சுரங்கப்பாதையில் படி இறங்கி ஏறி, பூங்காவைத் தாண்டிப் பூங்கா நகர் நடைமேடைக்குப் போக, தோளில் ஒரு பையோடு எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. அதற்கப்புறம் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் தனி.

இந்த வருடம் வந்த மாணவி ஒருத்தி பெரம்பூர்க்காரி. பெரம்பூரில் இருந்து மயிலாப்பூர் போக 'நான்கு வகை வசதி' என்று எழுதியிருந்தாள். "உங்க வீட்டில் யாராவது மயிலாப்பூர் போவாங்களா?" என்று கேட்டேன். பாட்டி மாதாமாதம் பிரதோஷத்துக்குக் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போவாராம். "எதில் போறாங்கன்னு கேட்டுட்டு வாம்மா" என்றேன். மறுநாள் வந்து சொன்னாள்: பாட்டி போவது எப்போதும் 29சி பஸ். பெசன்ட் நகர் போகும் பஸ் அது. ஏறி உட்கார்ந்தால் மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்கிக்கொள்ளலாம். நெரிசலில் ஊர்ந்து போனாலும் நேராகப் போகும். "ரயில்ல போனா சீக்கிரம் போயிடலாமே பாட்டி" என்று இவள் கேட்டதற்கு, "ரயில் சீக்கிரம் போயிடும்டி, சென்ட்ரல்ல இறங்கி அந்த ரயில் வரைக்கும் நான் எப்போ போய்ச் சேருறது? மயிலாப்பூர்ல வேற அத்தனை படி இறங்கணும்" என்றாராம். தாளில் நான்கு வகை இருந்தது. பாட்டிக்கு இருப்பது ஒன்று.

நகரங்களை ஒப்பிடுகிறவர்கள் வண்டிகளைப் பார்க்கிறோம், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ல் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் மின்சார ரயில் பாதை போகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே நிலையம் இல்லை. ரயிலில் வந்தால் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. 2007ல் வேளச்சேரிக்கு வந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு சேர்க்க வெறும் ஐந்து கிலோமீட்டர்தான் பாக்கி இருந்தது. அதில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கியதால் பதினைந்து வருடம் கடந்தும் வேலை முடியாமல் கிடந்தது. டிக் அட்டவணையில் இது எதுவும் தெரியாது. அங்கே பஸ்ஸும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது.

சரி, வேறு எப்படி ஒப்பிடுவது? நான் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பயணங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர், இரண்டு வீட்டில் வேலை செய்யும் பெண், கல்லூரி மாணவன், இரவுப் பணி முடிந்து வரும் தொழிலாளி என்று நிஜமான ஆட்கள், நிஜமான வாசல்கள். வாசலில் இருந்து வாசல் வரை எத்தனை முறை மாற வேண்டும், எவ்வளவு நடை, எத்தனை படி, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எத்தனை டிக்கெட் வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். கூட்டுத்தொகை போட வேண்டாம். பத்துத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே ஊர்களின் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெயரை நம்புவது

சிங்கப்பூரில் எல்.ஆர்.டி. என்பது குடியிருப்புகளைச் சுற்றிவந்து எம்.ஆர்.டி. நிலையத்தில் ஆட்களை இறக்கிவிடும் சின்ன வண்டி. கோலாலம்பூரில் எல்.ஆர்.டி. நகரத்தின் குறுக்கே ஓடும் முதுகெலும்பு. கொச்சியின் வாட்டர் மெட்ரோ படகு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரே கட்டத்தில் போடாதீர்கள்.

வேடிக்கை பார்க்கப் போகும் வண்டியையும் சேர்ப்பது

வேலைக்குப் போகிறவர் அதில் ஏறுகிறாரா? இல்லையென்றால் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

காகிதத்தில் இல்லாததை விட்டுவிடுவது

நம் ஷேர் ஆட்டோ மாதிரி, நைரோபியில் மட்டாட்டு என்ற தனியார் வேன்கள்தான் ஊரையே சுமக்கின்றன. வெகுகாலம் அவற்றுக்கு ஒழுங்கான வழித்தட வரைபடமே கிடையாது. நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் கையில் போனோடு வண்டிகளில் ஏறிச் சுற்றி, நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வழித்தடங்களைப் பதிவு செய்தார்கள். 2014ல் வரைபடம் வெளியானது. அதற்கு முன்பு அரசு ஆவணங்களை மட்டும் வைத்து நைரோபியை எடைபோட்டவர்கள் ஊரில் பாதியைப் பார்க்கவே இல்லை. மாணவர்கள் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு வந்தால் நான் கோபப்படுவது இதனால்தான். அது எந்த நிறுத்தத்தில் நிற்கும், எவ்வளவு வாங்குவார்கள் என்பதெல்லாம் ஏறுகிறவர்களிடம் கேட்டால்தான் தெரியும். போய்க் கேளுங்கள்.

கட்டணத்தைச் சராசரி ஆக்குவது

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டெல்லியில் 2019லும் கர்நாடகத்தில் 2023லும் இதே போல வந்தது. ஒரே வீட்டில் கணவர் எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிப் போய்விடுவார். மனைவி இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, காசு இல்லாமல் போகக்கூடிய வெள்ளை போர்டு பஸ்ஸுக்காக நிற்பார். இருவருக்கும் சேர்த்து ஒரு சராசரி போட்டால், மனைவிக்கு மிச்சமாகும் காசும் தெரியாது, அவர் நிற்கும் இருபது நிமிடமும் தெரியாது.

பகலில் மட்டும் பார்ப்பது

இரவு பத்தரைக்குப் போய் நில்லுங்கள்.

தேதி போடாமல் எழுதுவது

நான்காவது ரயில் பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் கடைசியில் இருந்து 2024 அக்டோபர் கடைசி வரை, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயில் ஓடவில்லை. பூங்கா நகர் அந்தத் துண்டுக்குள்தான் வருகிறது. பதினாலு மாதம் அங்கே பறக்கும் ரயிலில் ஏற யாராலும் முடியவில்லை. அந்தப் பெரம்பூர் மாணவியின் தாளில் '2024ஆம் ஆண்டு நிலவரம்' என்ற தலைப்பின் கீழ், மூர் மார்க்கெட்டில் இறங்கிப் பூங்கா நகரில் மாறி மயிலாப்பூருக்கு 50 நிமிடம் என்று இருந்தது. பாட்டியின் 29சி அந்தப் பதினாலு மாதமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்த மாதத்து நிலவரம் என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதி வரச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.