ஃபார்ம் தகவலை வெளித்தளத்துக்குத் தள்ளும் முன் நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில், தமிழ்ச் சங்கம், பரதநாட்டியப் பள்ளி என்று சின்ன இடங்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம். ஆள் ஃபார்மை நிரப்புகிறார், நாம் அதை வாங்கி ஏதோ சரிபார்த்து, பேஃபாஸ்ட் மாதிரிப் பணம் வாங்கும் தளத்துக்கோ எஸ்எம்எஸ் அனுப்பும் தளத்துக்கோ தள்ளிவிடுகிறோம். காவடிப் பதிவோ கலைநிகழ்ச்சி டிக்கெட்டோ, கோளாறு வருவது அந்த நடுவிலுள்ள சில வரிகளில்தான்.

முதலில், நடுவில் நம் சர்வரே இல்லாமல் ஃபார்மை நேராக வெளித்தளத்துக்கு விடுவது. தொகை மறைவான ஃபீல்டில் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால் 350 ராண்டை 3.50 ஆக்க அரை நிமிஷம் போதும். எந்த டிக்கெட், எத்தனை என்பதை மட்டும் ஃபார்மிலிருந்து எடுத்துக்கொண்டு, விலையை உங்கள் டேட்டாபேஸில் பார்த்து நீங்களே பெருக்குங்கள். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் சரிபார்த்தாயிற்று என்பதெல்லாம் நிரப்புகிறவருக்கான வசதி, உங்களுக்குக் காவல் இல்லை.

சரி, சர்வருக்கு வாங்கியாயிற்று, அங்கிருந்து எப்படி அனுப்புவது? இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். 302 ரீடைரக்ட் (பிரவுசரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதில்) கொடுத்தால் பிரவுசர் போஸ்டை (தகவலைச் சுமந்து போகும் கோரிக்கை) கெட்டாக (பக்கத்தை மட்டும் கேட்கும் கோரிக்கை) மாற்றிவிடும், தகவல் எதுவும் போய்ச் சேராது. 307 கொடுத்தால் போஸ்டாகவே போகும், ஆனால் ஆள் முதலில் நிரப்பியது அப்படியே போகும், நீங்கள் திருத்தியது போகாது, அதாவது மெனக்கெட்டுச் சரிபார்த்தது அத்தனையும் வீண். யூஆர்எல்லின் வாலில் ஒட்டி அனுப்பலாமே என்றால், அது பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் எழுதிவைக்கும் லாகிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கர்ல் (சர்வரிலிருந்து வேறு தளத்தோடு பேசும் கருவி) வைத்து சர்வரிலிருந்தே போஸ்ட் செய்தால் பதில் உங்கள் சர்வருக்கு வரும், ஆள் உங்கள் பக்கத்திலேயே நிற்பார், எதிர்த்தளம் தரும் குக்கி அவர் பிரவுசருக்குப் போகாது. எஸ்எம்எஸ் அனுப்ப அது போதும். பணம் கட்டும் பக்கத்துக்கு ஆளே போக வேண்டும் என்றால், சரிபார்த்த மதிப்புகளை வைத்துப் புதிதாக ஒரு ஃபார்மை சர்வரே எழுதி, அது தானாக சப்மிட் ஆகும்படி விடுவதுதான் ஒழுங்கான வழி. அதையும் வழியில் யாராவது மாற்றலாம்தான், அதற்குத்தான் சிக்னேச்சர், அதாவது மதிப்புகள் மாறவில்லை என்று காட்டும் முத்திரை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்களில் தென்னாப்பிரிக்காவுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. இங்கே முறைப்படி தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி: 1 500,50. ஒருவர் நன்கொடைக் கட்டத்தில் இப்படி எழுதி, நீங்கள் அதை பிஎச்பி மொழியில் அப்படியே தசம எண்ணாக மாற்றினால் கிடைப்பது 1. ஆயிரத்து ஐந்நூறு கொடுக்க வந்தவரிடம் ஒரு ராண்டு வாங்கி அனுப்பிவிடுவோம், எந்த எரரும் வராது! இடைவெளியை நீக்கி, காற்புள்ளியைப் புள்ளியாக்கி, கணக்கை சென்டில் வைத்துக்கொண்டு, அனுப்பும்போது எதிர்த்தளம் கேட்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். பேஃபாஸ்ட் ராண்டில் கேட்கும், யோகோ என்ற இன்னொரு பணத் தளம் சென்டில் கேட்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் நூறு மடங்கு பிசகும். அடையாள எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் எண்ணாக வைக்கவே வைக்காதீர்கள். 13 இலக்க அடையாள எண் பிறந்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தில் தொடங்குவதால், 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளுக்கு முன்னால் பூஜ்யம் இருக்கும். எண்ணாக மாற்றினால் அது காணாமல் போகும். பிரிட்டோரியாவின் 0002 வெறும் 2 ஆகிவிடும்.

பெயர்களை ஹெச்டிஎம்எல்லுக்காக எஸ்கேப் செய்துவிட்டு (& குறியை & என்று மாற்றி எழுதுவது மாதிரி) அதையே அனுப்புவது இன்னொன்று. 'நாயுடு & சன்ஸ்' எதிர்த்தளத்தின் ரசீதில் கன்னாபின்னாவென்று வரும். எஸ்கேப் செய்வது திரையில் காட்டும் இடத்துக்கான வேலை. நீளத்தை வெட்டுவதிலும் கவனம்: 'கோவிந்தன்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் 9 குறிகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 27 பைட்டு. பைட்டுக் கணக்கில் வெட்டினால் பாதி எழுத்து உடைந்து, சில தளங்கள் முழுத் தகவலையுமே திருப்பி அனுப்பிவிடும். எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் ஒரு செய்திக்கு 160க்குப் பதில் 70 இடம்தான், அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு.

இனி சிக்னேச்சர். பேஃபாஸ்டில் காலியான ஃபீல்டுகளை விட்டுவிட்டு, அவர்கள் ஆவணத்திலுள்ள வரிசையில் (அகரவரிசையில் இல்லை) மதிப்புகளை என்கோட் செய்து கோர்த்து, கடைசியில் ரகசியத் தொடரைச் சேர்த்து எம்டி5 (தொடரைச் சுருக்கி ஒரு கைரேகை மாதிரித் தரும் கணக்கு) எடுக்க வேண்டும். இதை எடுத்தபிறகு பெயரில் ஓர் இடைவெளியை டிரிம் செய்தாலும் பொருந்தாது. ஆகவே எல்லாச் சுத்தமும் முடிந்தபின், கடைசி வேலையாகச் செய்யுங்கள். ரகசியத் தொடரை ஜாவாஸ்கிரிப்டில் வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அனுப்பும் முன்பே உங்கள் டேட்டாபேஸில் ஒரு பதிவைச் சேமித்து அதற்கொரு தனி எண் கொடுங்கள். மின்வெட்டு நேரத்தில் ரவுட்டர் செத்து ஆள் மறுபடி பட்டனை அழுத்தினால், அந்த எண் இல்லாமல் இரண்டு பதிவு விழும். கர்லுக்கு நீங்கள் கொடுக்காவிட்டால் மொத்த நேரத்துக்கு வரம்பே கிடையாது, பத்து விநாடி என்று ஏதாவது வையுங்கள். நேரம் முடிந்துவிட்டது என்றால் தகவல் போகவில்லை என்று அர்த்தமில்லை, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமலும் இருக்கலாம்; கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாமல் அதே எண்ணை வைத்து விசாரியுங்கள். 'நன்றி' பக்கத்துக்கு ஆள் வந்துவிட்டதால் பணம் வந்துவிட்டது என்று குறித்துக்கொள்வதும் கூடாது, அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் தட்டலாம். பேஃபாஸ்ட் உங்கள் சர்வருக்குத் தனியாக அனுப்பும் அறிவிப்பில் சிக்னேச்சரை நீங்களே கணக்கிட்டுச் சரிபார்த்து, தொகையை உங்கள் பதிவோடு ஒப்பிட்டபிறகே டிக்கெட் கொடுங்கள்.

வந்த போஸ்ட் முழுவதையும் ஒரே வரியில் எதிர்த்தளத்துக்கு விடும் பழக்கம்தான் எனக்குப் பிடிக்காதது. எஸ்எம்எஸ் தளத்துக்குத் தேவை கைபேசி எண்ணும் செய்தியும். அதற்கு அடையாள எண் எதற்கு? அதிலேயே பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. 2021 ஜூலை 1 முதல் கட்டாயமான பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 1 கோடி ராண்டு வரை போகலாம், தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்ப 72ஆம் பிரிவில் தனி நிபந்தனைகளும் உண்டு. அனுப்ப வேண்டிய ஃபீல்டுகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி, அவற்றை மட்டும் எடுத்து அனுப்புங்கள். டீபக் செய்ய லாகில் கொட்டிய போஸ்ட்களும் இதில் அடக்கம், தளம் ஓடத் தொடங்கியதும் அந்த வரியை எடுத்துவிட்டுப் பழைய லாகையும் அழித்துவிடுங்கள்.