பெங்களூரில் வீடு லேசாக ஆடினால்

ஜன்னல் கலகலக்கிறது, பரணில் பாத்திரம் உருள்கிறது. பெங்களூர்க்காரருக்கு முதலில் வரும் சந்தேகம் 'நிலநடுக்கமா, விமானமா?' என்பதுதான். நியாயமான சந்தேகம். 2020 மே 20 அன்று ஊரையே உலுக்கிய சத்தம், ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த விமானப்படை சோதனை விமானத்துடையது.

அந்த மாதிரிச் சத்தம் காற்றில் வரும். கதவும் கண்ணாடியும் படபடக்கும், ஓரிரு நொடியில் அடங்கும், குடத்துத் தண்ணீர் அசையாது. நில அதிர்வு காலடியிலிருந்து வரும். மின்விசிறியும் தொங்கும் விளக்கும் அதன் பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் பக்கத்திலேயே, ஆழம் குறைவாக உண்டாகும் சின்ன அதிர்வும் 'டம்' என்று ஒரே சத்தத்தோடு முடிந்துவிடலாம். 2021 டிசம்பரில் சிக்கபள்ளாபூர் பக்கம் வந்தவை 3 ரிக்டரை ஒட்டியவைதான். ஆகவே காதை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்தியத் தரநிலையின் 2016 நிலநடுக்க மண்டல வரைபடத்தில் டெல்லி மண்டலம் 4, பெங்களூர் மண்டலம் 2, அதாவது ஆபத்து மிகக் குறைந்த பட்டியல். இங்கே லேசான அதிர்வில் கட்டடம் விழுவதைவிட, அடித்துப்பிடித்து ஓடும்போது படிக்கட்டில் விழுந்து கால் முறியவே வாய்ப்பு அதிகம். 20க்கு 30 அடி மனையில் மூன்று மாடி எழுப்பிய தெருக்களை நினைத்துப் பாருங்கள். வாசலுக்கு ஓடினால் நிற்பது கைப்பிடிச்சுவர் மேலிருக்கும் பூந்தொட்டிக்கும் மின்கம்பிக்கும் நேர் கீழே. ஆட்டம் நிற்கும் வரை உள்ளேயே இருங்கள். உறுதியான மேசைக்கடியில் மண்டியிட்டு, ஒரு கையால் பிடரியை மூடி, மறு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம், தலையணையைத் தலைமேல் வையுங்கள். லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் திறக்கும் தளத்தில் இறங்கிவிடுங்கள்.

பதற்றத்தில் முடிந்தால் ஒன்று செய்யலாம். முதல் சிறு குலுக்கலுக்கும் அதன் பின் வரும் பெரிய ஆட்டத்துக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி, 8 ஆல் பெருக்குங்கள். அதிர்வு மையம் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் தள்ளி. 10 நொடி என்றால் 80 கி.மீ. பத்தாவது மாடியில் தலைசுற்றுவது போல மெதுவாக ஆடி, தரைத்தளத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையா? அது வெகுதூரத்துப் பெரிய நிலநடுக்கம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடலில் 8.6 வந்தபோது இங்கே உயரமான அலுவலகங்கள் காலியானது அப்படித்தான். நெடுந்தூரம் வரும் அலைகள் மெதுவானவை; உயரக் கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் மெதுவானது; இரண்டும் ஒத்துப்போகின்றன.

நின்றபின் முதலில் அடுப்படி. ரெகுலேட்டரை மூடுங்கள். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி 1906-ஐ அழையுங்கள்.

அடுத்து மொட்டைமாடி. நிரம்பிய 1000 லிட்டர் தொட்டி 1 டன் எடை. அது ஆடும்போது தொட்டி பெரும்பாலும் தப்பிவிடும், அதிலிருந்து குழாய் புறப்படும் இணைப்புதான் விடும். மறுநாள் சுவரில் ஈரம் பார்த்து விழிக்காமல் அன்றே தொட்டுப் பாருங்கள்.

இனி விரிசல். பிளாக் சுவர் பீமைத் தொடும் இடத்தில் மயிரிழைபோல் நீளமாக ஓடுவது பெரும்பாலும் பூச்சு விட்டதுதான். தூணிலோ பீமிலோ சாய்வாக வந்த விரிசல், உதிர்ந்த காங்கிரீட்டில் தெரியும் கம்பி, சுவரில் பெருக்கல் குறி, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இடிப்பது: இவற்றுக்குப் பொறியாளர் வர வேண்டும், கொத்தனார் போதாது. அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய செங்கல் வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் விரிசலை இரண்டு பக்கமும் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே இடத்தில் இருந்தால் சுவரையே பிளந்திருக்கிறது. வளர்கிறதா என்று அறிய, அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையும் அரால்டைட் பசையால் ஒட்டினால், விரிசல் நகரும்போது கண்ணாடி உடையும். ஒட்டும் இடத்தில் பெயிண்டையும் பூச்சையும் செங்கல்வரை சுரண்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் பெயிண்ட்தான் உரியும், கண்ணாடி முழுசாக இருந்து ஏமாற்றும்.

செய்தி வேண்டுமானால் தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் (BhooKamp) செயலியைப் பாருங்கள். முதலில் வரும் ரிக்டர் எண் பிறகு கொஞ்சம் கூடும், குறையும். அதில் சதி ஒன்றுமில்லை. 'இன்றிரவு 2 மணிக்கு அடுத்தது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம். நேரம் குறித்துச் சொல்லும் வித்தை யாரிடமும் இல்லை.

கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே பித்தளை அண்டா வைத்த பரண் இருந்தால், அண்டாவை இறக்க ஆள் தேடுவதைவிட இன்றே கட்டிலைத் தள்ளிப்போடுவது சுலபம்.