பார்ட்டிக்கு அத்திப்பழ ஸ்டார்ட்டர்: முதல்முறை செய்பவர்களுக்கு

வீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் அடுப்படியிலேயே நிற்க வேண்டாம் என்று நினைத்தால் அத்திப்பழம் வாங்குங்கள். உலர்ந்தது இல்லை, ஃப்ரெஷ் பழம். நல்ல பழம் கையில் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதனால் செய்முறைக்கு முன் பழத்தைப் பார்த்துவிடுவோம்.

பறித்த பிறகு அத்தியில் இனிப்பு ஏறாது. காயாக இருப்பதை வாங்கி வைத்தால் கொஞ்சம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். எனவே பழுத்ததையே பொறுக்குங்கள். காம்புக்குக் கீழே கழுத்து லேசாகத் துவண்டிருக்க வேண்டும். விரல் வைத்தால் அமுங்க வேண்டும், கூழாகக் கூடாது. தோலில் மெல்லிய வெடிப்பு இருந்தால் ஒதுக்காதீர்கள். அடியில் உள்ள கண்ணில் ஒரு சொட்டு பாகு கசிந்து நின்றால் அதுதான் சரியான பழம். புளித்த வாடை அடித்தால் வேண்டாம். காம்பில் வெள்ளைப் பால் வடிந்தால் இன்னும் பழுக்கவில்லை. அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

வாங்கியதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஃப்ரிட்ஜில் பரப்பி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். செய்யப்போகும்போது கழுவினால் போதும்.

சீஸ் அடைத்துச் சுட்ட அத்தி

முதல்முறை என்றால் இதிலிருந்து தொடங்குங்கள். 12 பழம், 100 கிராம் க்ரீம் சீஸ், ஒரு கைப்பிடி வால்நட், 2 மேசைக்கரண்டி தேன், மிளகுத்தூள், உப்பு. ஆட்டுப்பால் சீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் புளிப்பு அத்தியின் இனிப்புக்கு அப்படிப் பொருந்தும்.

1. ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். சீஸில் ஒரு சிட்டிகை உப்பு, மிளகு, பொடியாக நறுக்கிய வால்நட்டில் பாதி சேர்த்துப் பிசையுங்கள்.

2. காம்பின் நுனியை மட்டும் வெட்டிவிட்டு, மேலிருந்து கூட்டல் குறி போலக் கீறுங்கள். கத்தி அடிவரை போகக் கூடாது. முக்கால் பாகத்தில் நிறுத்துங்கள். பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பழத்தின் அடியை மெல்ல அழுத்தினால் நான்கு இதழாக விரியும், உள்ளே சிவந்த சதை தெரியும்.

3. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சீஸ் வைத்து, தட்டில் நெருக்கமாக நிறுத்துங்கள். இடைவெளி விட்டால் சாய்ந்துவிடும்.

4. 10 முதல் 12 நிமிடம் வையுங்கள். சீஸின் விளிம்பு லேசாகச் சிவந்து, தட்டில் சாறு கசியத் தொடங்கியதும் எடுத்துவிடலாம்.

தேனை வெளியே எடுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் வழிந்து தட்டில் கருகும். மீதி வால்நட்டைத் தூவி, 5 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். உள்ளே சூடு நிறைய இருக்கும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு

ரொட்டித் துண்டுகளை ஆலிவ் எண்ணெய் தடவி மொறுமொறுப்பாக டோஸ்ட் செய்து, ஆறியதும் சீஸ் தடவுங்கள். மேலே வட்டமாக நறுக்கிய அத்தி, துருவிய எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மிளகு. அவ்வளவுதான். பால் பொருள் சாப்பிடாதவர்களுக்கு சீஸுக்குப் பதில் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த பாதாம் வெண்ணெய் தடவலாம். இன்னும் எளிதாக வேண்டுமா? பாதியாக வெட்டிய அத்தி, ஒரு புதினா இலை, ஒரு சீஸ் துண்டு மூன்றையும் டூத்பிக்கில் குத்தி வைத்துவிடுங்கள்.

ஆனால் சுடாமல் செய்யும் இந்த வகைகளை முன்கூட்டியே செய்து வைக்காதீர்கள். சுடாத அத்தியில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைப்பதால், சீஸோடு நெடுநேரம் ஒட்டியிருந்தால் சீஸ் நீர்த்துப்போய் லேசாகக் கசக்கலாம். ரொட்டியும் நமுத்துவிடும். சூடு பட்டால் இந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், சுட்ட அத்தியில் இந்தக் கவலை இல்லை.

எனவே சீஸ் கலவையைக் காலையிலேயே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரொட்டியை ஒரு மணி நேரம் முன்னால் டோஸ்ட் செய்துகொள்ளலாம். பழத்தை மட்டும் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு வெட்டுங்கள். ஆளுக்கு மூன்று துண்டு என்று கணக்கு வைத்தால் சரியாக இருக்கும். அப்புறம், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதால், தேன் ஊற்றியதை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.