திறப்பைத் திருகினால் ‘டிக் டிக்’ மட்டும் கேட்கிறதா? ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தைச் சந்திப்பவர்களுக்கு

வந்த புதிதில் பெரும்பாலானோர் வாங்குவது எட்டு, பத்து வருடம் ஓடிய கொரோலாவோ சிவிக்கோதான். கோடையில் ஒரு குறையும் சொல்லாத அந்தக் கார், மைனஸ் 18 காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ‘டிக்’ என்று நின்றுவிடும். அந்தக் குளிரில் பற்றரியின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதே நேரம் எஞ்சின் ஒயிலும் தடித்துப்போவதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. உடனே புதுப் பற்றரி வாங்க ஓடாதீர்கள். முதலில் சத்தத்தைக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

‘டிக்டிக்டிக்டிக்’ என்று வேகமாக அடித்தால், பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் வயர் சரியாகப் பிடிக்கவில்லை. எஞ்சினைச் சுழற்றும் மோட்டரான ஸ்ராட்டரில் உள்ள மின்காந்தச் சுவிட்ச்தான் சொலனொயிட்; அது கொஞ்ச மின்சாரத்திலேயே இழுத்துவிடும். ஆனால் அது இழுத்ததும் மோட்டர் 100 முதல் 200 அம்பியர் வரை கேட்கும். அதைக் கொடுக்க முடியாமல் வோல்ற் விழ, சொலனொயிட் விட்டுவிடும். வோல்ற் திரும்ப ஏற, மறுபடி இழுக்கும். அந்த இழுபறிதான் உங்களுக்குக் கேட்பது. மாறாக, ‘டக்’ என்று ஒரே ஒரு அழுத்தமான சத்தம் கேட்டு அதோடு நின்றால், ஸ்ராட்டரைச் சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த, காருக்குள் இருக்கும் லைட்டைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருகுங்கள். லைட் மங்கி அணைந்தால் பற்றரிப் பக்கம்; பிரகாசமாகவே எரிந்தால் ஸ்ராட்டர் பக்கம். சத்தமே இல்லையென்றால் அது வேறு கதை: கியர் ‘பி’யில் சரியாக விழவில்லை, பட்டன் ஸ்ராட் காரில் பிரேக்கை மிதிக்கவில்லை, அல்லது திறப்பைக் கார் அடையாளம் காணவில்லை.

பற்றரிதான் என்று தெரிந்ததும் பொனற்றைத் திறந்து இரண்டு முனைகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் சுழன்றாலே அது இளகியிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அந்தப் பூப்பே மின்சாரத்தை மறிக்கும். ஒரு கோப்பை சுடுநீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். அநேக ஜப்பான் கார்களுக்கு 10 மில்லிமீற்றர் ஸ்பானர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் பூட்டியிருக்கும்போது பொசிற்றிவைத் திருகும் ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. இதோடு நிறுத்திவிடக் கூடாது. பழைய பற்றரி சும்மா இருக்கும்போது 12.5 காட்டிவிட்டு, திறப்பைத் திருகியதும் 8க்கு விழும். ஆகவே ஒருவர் திறப்பைத் திருக, மற்றவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். 9.6க்குக் கீழே போனால், சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஜம்ப் கொடுப்பதற்கு (இன்னொரு காரின் பற்றரியோடு வயரால் இணைத்து ஸ்ராட் செய்வதற்கு) முன் பற்றரி உப்பியோ பிளந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். முற்றாக இறங்கிய பற்றரி மைனஸ் 10ஐ அண்டிய குளிரிலேயே உறையும். உறைந்ததற்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கலாம். ஒழுங்கு இதுதான்: சிவப்பு வயர் இறந்த பற்றரியின் பொசிற்றிவில், மறுமுனை நல்ல பற்றரியின் பொசிற்றிவில், கறுப்பு நல்ல பற்றரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை இறந்த காரின் எஞ்சினில் உள்ள வெற்று இரும்பில். கடைசி முனையைப் பற்றரியில் பூட்டாதீர்கள். பற்றரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்குத் தீப்பொறி ஆகாது. நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு முயலுங்கள். மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

ஸ்ராட் ஆனதும் மீற்றரை மறுபடி பற்றரியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.7 முதல் 14.7 வோல்ற் வரை இருக்க வேண்டும். 13க்கும் கீழே நின்றால் குற்றம், ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றரில். புதுப் பற்றரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கும்.

ஒற்றை ‘டக்’ கேட்கும் பழைய ரொயோட்டாக்களில் அடிக்கடி தேய்வது சொலனொயிட்டுக்குள் இருக்கும் செப்புத் தகடுகள்தான். முழு ஸ்ராட்டரையும் மாற்றுவதை விட அவற்றை மட்டும் மாற்றுவது மிகவும் மலிவு. செய்வார்களா என்று கராஜில் கேளுங்கள். கியரை ‘பி’யில் விட்டு, கைபிரேக் போட்டு, ஒருவர் திறப்பைத் திருக, மற்றவர் வீல் ஸ்பானரின் பிடியால் ஸ்ராட்டரை மெதுவாகத் தட்டினால் சிலவேளை கார் எழும்பும். அப்படி எழும்பினால் நிறுத்தாமல் கராஜுக்கே போங்கள்.

இழுத்துப்போக வேண்டி வந்தால் சிஏஏ எனும் கனடிய வாகன ஓட்டிகள் சங்கத்தின் அங்கத்துவம் கைகொடுக்கும்; வீட்டுக்கே வந்து பற்றரியைச் சோதித்து மாற்றியும் தருவார்கள். வேறு டோ ட்ரக் என்றால், விலையைப் பார்த்துச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகே காரைத் தொடவிடுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி கராஜ் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். இறுதிக் கணக்கு அதை விட 10 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. திருத்தத்துக்கும் போட்ட பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

புதுப் பற்றரி வாங்கினால் சிசிஏ இலக்கத்தைப் பாருங்கள். மைனஸ் 18இல் அது தரும் பலத்தின் அளவு அது. காரின் கையேடு சொல்வதற்குக் குறையக் கூடாது. பழையதைத் திருப்பிக் கொடுத்தால் பில்லில் சேர்த்திருக்கும் வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும். அதைக் குப்பையில் போடாமல் கடைக்கே கொண்டுபோங்கள்.