முகம் மூடிய வேடத்தில் நடித்தவர் யார் என்று சரிபார்க்கும் முறை

படத்தின் பெயர்ப் பட்டியல் ஒரு வேடத்துக்கு ஒரு பெயரைத் தருகிறது. முகம் மூடிய வேடத்தையோ பல படங்களில் இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே 'நடித்தவர் அவர்தானா?' என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டு, 'இந்த ஷாட்டில் உள்ளே இருப்பவர் யார்?' என்று தொடங்குங்கள்.

1981இல் வெளிவந்த 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' என்ற திகில் படத்தின் இரண்டாம் பாகத்தில், கொலையாளி ஜேசன் என்ற பெயருக்கு நேரே வாரிங்டன் ஜில்லெட் இருக்கிறார். ஆனால் ஒற்றைக் கண் துளையிட்ட சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜேசன் வரும் காட்சிகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர், பட்டியலில் டூப் என்று மட்டும் குறிக்கப்பட்ட ஸ்டீவ் டாஸ்கவிஸ். முடிவில் ஜன்னலை உடைத்துப் பாயும், முகம் தெரியும் ஜேசன்தான் ஜில்லெட். தொடக்கக் காட்சியில் நடந்துவரும் கால்கள்கூட ஆடை வடிவமைப்பாளர் எலன் லட்டருடையவை.

எனவே முதலில் பட்டியலைக் கடைசி வரி வரை படித்து, ஸ்டண்ட் கலைஞர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உடல், குரல், சண்டை, திறந்த முகம் என்று வேடத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று தேடுங்கள். 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் முகமூடி அணிந்த வில்லன் டார்த் வேடரின் உடல் டேவிட் ப்ரௌஸ். குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் பெயர் அப்போது பட்டியலில் இல்லை. அடுத்த இரு படங்களின் வாள்சண்டைகளில் வேடரின் உடைக்குள் இருந்தவர் பாப் ஆண்டர்சன் என்பதை, எதிரே நின்று வாள் வீசிய மார்க் ஹாமிலே 1983இல் வெளிப்படையாகச் சொன்னார்.

உயரத்தை ஒப்பிடும்போது, இருவரின் பாதங்களும் ஒரே தரையில் தெரியும் அகன்ற ஷாட்டை மட்டும் நம்புங்கள். கேமராவைத் தாழ வைத்தால் எவரும் உயரமாகத் தெரிவார். நடையும் தோள் அசைவும் கைப்பழக்கமும் ஐயத்தை எழுப்பலாம், தீர்த்துவைக்க மாட்டா.

என் அனுபவத்தில், படப்பிடிப்பில் நேர்ந்த விபத்தைப் பற்றிய குறிப்பைப் போல உறுதியான தடயம் அரிது. ஜேசன் ஓங்கும் பிக்காசைக் கதாநாயகி எமி ஸ்டீல் கத்தியால் தடுக்கும் காட்சியில் நேரம் சற்றுத் தப்பியதால், கத்தி டாஸ்கவிஸின் நடுவிரலைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட விரலை ரப்பர் துண்டால் மறைத்துக்கொண்டு அவர் அதே காட்சியை மறுபடி நடித்தார். அந்தக் காட்சியில் சாக்குக்குள் இருந்தவர் யார் என்று அதன்பின் கேட்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒருவரே தம்மைப் பற்றிச் சொல்வதைவிட, எதிரே நடித்தவரோ உடை மாட்டிவிட்டவரோ சொல்வதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். எழுதும்போதும் 'அவர் நடிக்கவே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஜில்லெட்டுக்கு அது அநியாயம், டாஸ்கவிஸின் பெயரை விடுவதும் அநியாயமே. எந்தக் காட்சியில் யார், அதைச் சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். சான்று கிடைக்காத ஷாட்டுக்கு நேரே இடத்தை வெறுமையாக விடுங்கள்.