சிந்திக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் கோர்ஸ்: எங்கே சறுக்குகிறோம்?

ஆன்லைன் கோர்ஸ் தயாரிக்க உட்காரும் ஆசிரியர்கள் பலர் முதலில் விசாரிப்பது எந்த மைக் வாங்கலாம் என்பதைத்தான். மாணவர் அந்த வாரம் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வி கடைசியில் வரும். பல சமயம் வருவதே இல்லை. தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன. விமர்சனச் சிந்தனை, அதாவது ஒரு கருத்தை ஆதாரம் பார்த்து எடைபோடுவது பற்றிய கோர்ஸ் என்றால் சேதம் இன்னும் அதிகம். அது கேட்டு வருவதில்லை, செய்து பழகினால்தான் வரும்.

வகுப்பில் எடுக்கும் ஒரு மணி நேரப் பாடத்தை அப்படியே படம்பிடித்து ஏற்றிவிடுவது எல்லோரும் அறிந்த தவறு. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசிய 2014 ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் சராசரி மாணவர் 6 நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு அதே பாடத்தைப் பத்துத் துண்டாக நறுக்கிப் போடுகிறவர்களும் உண்டு. நறுக்கியதால் மட்டும் எதுவும் மாறாது. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும், வீடியோவைத் திரும்பப் பார்க்காமல், பார்த்ததை நினைவுகூர்ந்து நாலு வரி எழுதச் சொல்லவேண்டும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

அடுத்தது பெரிய தவறு, வெளியே தெரியாத தவறும்கூட. சிந்தனையைத் தனிப் பாடமாக்கி, தர்க்கப் பிழைகளின் (வாதத்தில் நேரும் தவறுகளின்) பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது. பேசும் விஷயத்தைப் பற்றிய அறிவு இல்லாத இடத்தில் விமர்சனச் சிந்தனை வேலை செய்யாது என்று உளவியலாளர் டேனியல் வில்லிங்காம் 2007-இலேயே வாதிட்டார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் காரணமா என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏரியிலிருந்து திறந்துவிட்ட விநாடிக்கு 29,000 கன அடி நீர் என்பது அதிகமா, குறைவா? அந்த நீர் போய்ச் சேரும் அடையாறு எவ்வளவு தாங்கும்? ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றுக்குத்தானே வருகிறது? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதை எந்தக் கணக்கில் வைப்பது? இவை தெரியாமல் விவாதித்தால் கட்சிச் சண்டைதான் மிஞ்சும். முதல் இரண்டு வாரம் இந்த விவரங்களைக் கொடுங்கள். பிறகு, மனிதத் தவறு என்ற தணிக்கைத் துறை அறிக்கையையும் வரலாறு காணாத மழை என்ற அரசுத் தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யார் சொல்வது சரி என்று கேட்பதைவிட, 'எந்தத் தகவல் கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?' என்று கேட்டால் பதில்களின் தரமே வேறு.

இணையத் தகவலைச் சோதிக்கச் சரிபார்ப்புப் பட்டியல் கொடுப்பதும் பலன் தருவதில்லை. லோகோ இருக்கிறதா, முகவரி .ஓஆர்ஜி என்று முடிகிறதா என்று பார்க்கப் பழகியவரை ஏமாற்றுவது எளிது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் குழு 10 வரலாற்றாய்வாளர்கள், 10 உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரை ஒப்பிட்டது. இணையப் பக்கத்தின் தோற்றத்தில் மாணவர்கள் மட்டுமல்ல, வரலாற்றாய்வாளர்களும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நேரத்தை வீணாக்காமல் புதிய டேப் திறந்து, அதை நடத்துவது யார் என்று வெளியே தேடினார்கள். கோர்ஸில் பழக்கவேண்டியது இந்த ஒரு செயலைத்தான், அதுவும் வாராவாரம்.

விவாதப் பகுதியில் 'ஆளுக்கு இரண்டு பதில் கட்டாயம்' என்று விதி போட்டால் 'அருமையான கருத்து, நன்றி' என்ற வரிதான் குவியும். எதிர்த்தரப்பை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதிக்காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஏஐயிடம் உதவி கேட்பார்களே என்றால், கேட்கட்டும். வந்த பதிலில் எது ஆதாரமில்லாதது என்று கண்டுபிடிப்பதையே பணியாக்கிவிடலாம்.

ஆர்வக்கோளாறில் வாரம் ஒரு கட்டுரை கேட்காதீர்கள். 60 பேர் எழுதியதைத் திருத்தி முடிப்பதற்குள் உங்களுக்கு மூச்சு முட்டும், மாணவருக்கு மார்க் மட்டும் போய்ச் சேரும். பத்து வாரத்துக்கு மூன்று பணி போதும். முதலாவதை உங்கள் குறிப்புகளோடு திருப்பிக் கொடுத்து, மாற்றி எழுதச் சொன்னால் அதுவே இரண்டாவது பணி.