ஹேம்குண்ட் சாகிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை ஏரிக்கரையில் சீக்கியர்களின் குருத்வாரா (வழிபாட்டிடம்) இருக்கும் ஹேம்குண்ட் சாகிப், காங்கரியா கிராமத்திலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள காங்கரியா ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குருத்வாராவோ 4,300 மீட்டருக்கும் மேலே. அதாவது ஒரே காலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏற ஏற மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும்.

பத்ரிநாத் நெடுஞ்சாலையிலுள்ள கோவிந்த்காட்டில் இறங்கி அன்றே காங்கரியா, மறுநாளே மேலே என்று அவசரப்படாதீர்கள். காங்கரியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அன்று பக்கத்திலுள்ள மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தால் உடம்பும் உயரத்துக்குக் கொஞ்சம் பழகும்.

குதிரையில் போனால் பிரச்சினை இல்லை என்று நினைப்பதும் தவறு. முட்டிவலியிலிருந்து மட்டும்தான் தப்பிக்கலாம், உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால், சீக்கிரம் மேலே போய்விடுவதால் உடம்புக்குப் பழக நேரம் கிடைப்பதில்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மேலே இரவு தங்க முடியாது. அதனால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தாமதமாகப் போனால் மதியத்துக்குமேல் பனிமூட்டத்திலும் மழையிலும் வழுக்கும் கற்களில் இறங்க வேண்டியிருக்கும்.

ஏழு சிகரங்கள் சூழ்ந்த அந்த ஏரிக்கரையில் குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. பக்தியோடு பலர் ஏரியில் முழுக்குப் போடுவார்கள். ஆனால் அது உறையவைக்கும் தண்ணீர். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், அதனால் பக்தி குறைந்துவிடாது. முழுகுபவர்களும் உடனே வெளியே வந்து, துடைத்து, உலர்ந்த கம்பளி உடைக்கு மாறிவிடுங்கள்.

குருத்வாராவுக்குள் தலையைத் துணியால் மூடியிருக்க வேண்டும். பீடி, சிகரெட், மது பையில்கூட இருக்கக் கூடாது. லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவச உணவுக்கூடத்தில், சுடச்சுடக் கிச்சடியும் டீயும் தருவார்கள். சாப்பிட முடிந்த அளவு மட்டும் வாங்குங்கள். அந்த அரிசியும் பருப்பும் மலைப்பாதையில் சுமந்து கொண்டுவரப்பட்டவை. அப்புறம், வழியில் பிரம்மகமலம் பூத்திருக்கும், பறிக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மழையில் பத்ரிநாத் நெடுஞ்சாலையில் நிலச்சரிவு சகஜம். பாதை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே திரும்பும் ரயிலுக்கு முன்னால் இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.